பார்க்கலாம், பிரதி எடுக்கலாகாது என்னும் பிரமை

கையடக்கமான ஹார்டு டிஸ்க் ஒன்றில் தம் உழைப்பின் பலனைப் பதிந்து பிறர் கையில் கொடுக்க நேர்கிறவர்கள், கல்யாணப் படம் எடுக்கும் புகைப்படக்காரராயினும், போட்டித் தேர்வுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராயினும், பல கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டராயினும், அனைவரும் ஒரே குரலாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வாங்குகிறவர் திறந்து பார்க்கட்டும், ஆனால் பிரதி எடுக்கக் கூடாது, அதற்கு என்ன உபாயம்? இந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதே இன்று பொதுவாக நிலவும் அபிப்பிராயம். சென்னை ரிச்சி தெருவில் டிஸ்க் விற்கிறவரும், அதைப் பழுது பார்க்கிறவரும், அலுவலகங்களில் கணினிப் பொறுப்பு வகிக்கிறவரும், தக்க மென்பொருளை விலை கொடுத்து வாங்கிப் போட்டால் காரியம் கைகூடும் என்று உறுதி சொல்கிறார்கள். விலை ஏற ஏறப் பூட்டின் பலமும் ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்களும் அநேகர்.

இந்த அபிப்பிராயம் அடியோடு பிழை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இன்றைய மென்பொருள்கள் போதாதவை, நாளைக்கு நல்லது ஒன்று வந்துவிடும் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. கேட்கப்படுகிற காரியமே தன்னோடு தான் முரண்படுவது. எந்த நாளிலும் எந்த விலைக்கும் அது கிடைக்கப்போவதில்லை. நஷ்டம் மென்பொருளின் விலையோடு நின்றுவிடுமாயின் நானும் பேசாமல் இருந்திருப்பேன். கிடைக்காத ஒரு காவலை நம்பிக்கொண்டிருக்கிறவர்கள், மெய்யாகவே கிடைக்கக்கூடியதும், மிகுந்த பலமுள்ளதும், பெரும்பாலும் இலவசமானதுமான வேறொரு காவலை அறவே மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது.

டிஸ்கைக் கணினியில் செருகியதும் இரண்டுக்கும் இடையே நடக்கிற சம்பாஷணையைச் சற்று நிதானமாகக் கவனித்தால் விஷயம் தானே விளங்கும். கணினி டிஸ்கிடம் கோப்பின் பெயரைச் சொல்லி எதையும் கேட்பதில்லை. இத்தனையாவது கட்டம் தொடங்கி இத்தனை கட்டங்களைத் தா என்று எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறது. அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் பழைய வழக்கப்படி 512 பைட் கொண்டது; புதிய டிஸ்குகள் பலவற்றில் உள்ளுக்குள் 4096 பைட். இன்ன கட்டங்கள் சேர்ந்தால் ஒரு புகைப்படம், இன்னவை சேர்ந்தால் ஒரு கணக்குப் புத்தகம் என்ற ஞானம் சாமானிய டிஸ்கிற்குக் கிடையாது. அந்தக் கணக்கை வைத்திருப்பது கணினியில் ஓடும் விண்டோஸோ லினக்ஸோதான். கேட்ட எண்ணுக்குரிய கட்டங்களை எடுத்துக் கொடுப்பதோடு டிஸ்கின் கடமை தீர்ந்தது. கேட்டவர் அதைத் திரையில் காண விரும்பினாரா, வேறொரு டிஸ்கில் பதிந்துகொள்ள விரும்பினாரா என்பதைத் தெரிவிக்கும் சொல் அந்தச் சம்பாஷணையில் எங்கும் இல்லை. பார்ப்பதற்காகத் தா என்று ஒரு கட்டளையும், பிரதி எடுப்பதற்காகத் தா என்று மற்றொரு கட்டளையும் இருந்தால் அல்லவா ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுக்க முடியும்? இருப்பது, படித்துக் கொடு என்ற ஒரே கட்டளைதான்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒரு படம் திரையில் தோன்றுவதற்கு முன்பே அதன் பிரதி ஒன்று கணினியின் நினைவகத்தில் உண்டாகிவிடுகிறது. அது விரிக்கப்பட்டு, படத்தைத் தீட்டும் சில்லுக்குள் இன்னொரு பிரதியாகப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து கம்பி வழியாகத் திரைக்கு வழக்கமாக விநாடிக்கு அறுபது தடவை அனுப்பப்படுகிறது. ஆகவே கணினியில் பார்த்தல் என்கிற காரியமே பிரதி எடுத்தலின் மூலமாகத்தான் நிகழ்கிறது. முன்னதை விட்டுவைத்துப் பின்னதை மட்டும் விலக்குகிறோம் என்று சொல்கிற மென்பொருள், மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலிலிருந்து ‘காப்பி’ என்ற வரியை நீக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்கிறது. நீங்கியது வரிதான். பிரதி எப்போதும் போல் நடந்துகொண்டே இருக்கிறது.

கோப்புறையை மறைத்துவைக்கும் உபாயம் இதைவிடப் பலவீனமானது. மறைவு என்பது அந்தக் கோப்புறையின் மேல் இடப்படும் ஓர் அடையாளம் மாத்திரமே. அதைக் கண்டால் காட்டாமல் இருப்பது விண்டோஸின் பழக்கம். அப்பழக்கத்தை மாற்றச் சொல்லி ஓர் இடத்தில் குறியிட்டால் மறைந்தவை அனைத்தும் தெரியும். இன்னார் படிக்கலாம், இன்னார் படிக்கலாகாது என்று விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் எழுதி வைக்கப்படும் அனுமதிப் பட்டியல், ஓர் அலுவலகத்தின் கணினிகளுக்குள் மெத்தவும் பயன்படுவது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டியலை மதித்து நடக்கவேண்டியது டிஸ்க் செருகப்படுகிற கணினி. அந்தக் கணினியோ வாங்கிப் போனவருக்குச் சொந்தம். அதில் அவரே நிர்வாகி. கோப்புகளின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. பெரிய மெமரி கார்டுகளும் கையடக்க டிஸ்குகள் பலவும் வருகிற எக்ஸ்ஃபாட் அமைப்பிலோ அப்படிப்பட்ட பட்டியல் எழுதிவைக்க இடமே இல்லை.

எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டுடியோவில் இதை நேரில் கண்டேன். கல்யாண வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அடுக்கி வைத்திருந்த டிஸ்குகளைக் காட்டி, “எல்லாத்துக்கும் லாக் போட்டுத்தான் சார் குடுக்கிறோம். போட்டுப் பாக்கலாம், எடுக்க முடியாது” என்றார் உரிமையாளர். பூட்டாக வைத்திருந்தது, டிஸ்கிலேயே பதிந்து வரும் ஒரு சிறு மென்பொருள். அதை ஓட்டிக் கடவுச்சொல் கொடுத்தால்தான் படங்கள் தெரியும். அவருடைய சம்மதத்தின் மேல் ஒரு டிஸ்கை எடுத்து, லினக்ஸ் ஓடுகிற என் மடிக்கணினியில் செருகினேன். விண்டோஸுக்காக எழுதிய அந்தப் பூட்டு அங்கே ஓடவில்லை. ஓடாததால் தடுக்கவும் இல்லை. புள்ளியும் குறியுமாக விநோதமான பெயர் ஒன்றைத் தாங்கி ஒரு கோப்புறை நின்றது. அதனுள்ளே நிச்சயதார்த்தம், ஜானவாசம், முகூர்த்தம், வரவேற்பு என்று வரிசை குலையாமல் எல்லாம் இருந்தன. மாலை மாற்றும் காட்சி எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் ஓடிற்று. “இது எப்படி சார்?” என்று கேட்டார். கோப்புகளில் ஒரு பைட்டைக்கூட அந்த மென்பொருள் மாற்றவில்லை, பெயரை மாற்றி ஒரு கணினியின் கண்ணிலிருந்து மறைத்ததோடு சரி என்று விளக்கிச் சொன்னேன். அந்த மென்பொருளுக்கு அவர் ஆண்டுதோறும் பணம் கட்டிவந்தார். அவருடைய முகத்தில் தோன்றிய வாட்டத்தை நினைக்கும்போது, இப்படிப்பட்டவற்றைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுவதும் தெரிந்திருந்தாலும் சாவி ஒன்று தெரியாதவரையில் ரகசியம் நிலைக்க வேண்டும் என்று அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-இல் ராணுவச் சங்கேதத்தைப் பற்றிய தம் கட்டுரையில் விதித்தார். அந்த விதிக்கு மாறாக, எதிரிக்கு விஷயம் தெரியாது என்ற நம்பிக்கையின் மேல் மட்டுமே நிற்கிற எதையும் காவல் என்று அழைக்க அன்றிலிருந்து யாருக்கும் நியாயம் இல்லை.

ஸ்டுடியோக்காரரிடம் பணபலம் இல்லை, ஆகையால் மட்டமான பூட்டை வாங்கினார் என்று எண்ணுகிறவர்கள், உலகத்திலேயே மிகுந்த பணபலம் படைத்த கம்பெனிகள் இந்த முயற்சியில் அடைந்த கதியைப் பார்க்கவேண்டும். டிவிடி தட்டுகளில் உள்ள படங்களை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சிஎஸ்எஸ் என்ற முறையால் 40 பிட் சாவி கொண்டு பூட்டி வெளியிட்டன. தட்டைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கும் கருவியிலே சாவி இருந்தாக வேண்டும். எனவே வீடுதோறும் பூட்டும் போயிற்று, அதன் சாவியும் கூடவே போயிற்று. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் வெளியாயிற்று. அதற்காக நார்வே நாட்டில் யோன் லெக் யோஹான்ஸன் என்ற இளைஞர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2003-இல் கீழ்க் கோர்ட்டும் மேல் கோர்ட்டும் அவரை விடுதலை செய்தன. இசைத்தட்டுகளின் கதையும் இதுவே. சன்காம் என்ற கம்பெனி 2003-இல் வெளியிட்ட பூட்டு, தட்டைச் செருகும்போது ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வேலை செய்யாது என்று பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதிக் காட்டினார். வழக்குப் போடுவோம் என்று மிரட்டிய கம்பெனி பின்னர் அதைக் கைவிட்டது.

இன்னும் மோசமானது 2005-இல் நிகழ்ந்தது. சோனி பிஎம்ஜி விற்ற இசைத்தட்டுகள், வாங்கியவரைக் கேளாமல் அவருடைய கணினிக்குள் ஒரு மென்பொருளைப் புகுத்தின. அது தன்னை மறைத்துக்கொண்டதோடு, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் மறைத்தது. மார்க் ருஸினோவிச் அதைக் கண்டுபிடித்து வெளியிட்ட சில நாட்களுக்குள் வைரஸ் எழுதுகிறவர்கள் அந்த மறைவிடத்தைத் தங்கள் சரக்குக்குப் பயன்படுத்தலாயினர். தட்டுகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. பணம் கொடுத்து நேர்மையாக வாங்கியவருடைய கணினிதான் இதில் நோயுற்றது. திருட்டுப் பிரதியைக் கேட்டவருக்கு ஒரு கேடும் வரவில்லை. பிரதித் தடை என்னும் கொள்கை யார் மேல் பாரமாக விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த விவகாரத்தை மெய்யாகவே புரிந்துகொண்டு நடந்தவர்கள் சினிமாக்காரர்கள். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் கூடி 2005-ஆம் ஆண்டு ஜூலையில் டிஜிட்டல் சினிமாவுக்கு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டன. இன்று நம் ஊர்த் தியேட்டர்களுக்கும் பழக்கமான டிசிபி என்னும் வடிவம் அதிலிருந்து வந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்த க்யூப் நிறுவனம் இந்தத் துறையில் உலகமெங்கும் பெயர் பெற்றிருப்பதால், தமிழ் சினிமாவோடு தொடர்புள்ள எவருக்கும் இது அந்நியமான விஷயம் அன்று. படம் ஒரு ஹார்டு டிஸ்கில் தியேட்டருக்கு வருகிறது. அந்த டிஸ்கை வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதைத் தடுக்க அவர்கள் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. உள்ளே இருப்பது ஏஇஎஸ் என்னும் முறையில் 128 பிட் சாவியால் சங்கேதமாக்கப்பட்ட வெறும் இரைச்சல். சாவியோ தனியாக, கேடிஎம் என்று தொழிலில் வழங்குகிற ஒரு சிறு கோப்பாக வருகிறது. அது இன்ன தியேட்டரின் இன்ன சர்வரால் மட்டும், இன்ன தேதி இன்ன மணி தொடங்கி இன்ன மணி வரையில் மட்டும் திறக்கப்படக் கூடியது. சர்வருக்குள் சாவி தங்குகிற பெட்டியை யாராவது பிரிக்க முயன்றால் சாவிகள் தாமே அழிந்துபோகும்.

இத்தனை கெட்டியான ஏற்பாட்டைச் செய்தவர்கள், அது எங்கே முடிகிறது என்பதையும் தெளிவாக ஒப்புக்கொண்டார்கள். வெண்திரையில் ஒளி விழுந்த கணத்திலிருந்து எந்தச் சங்கேதமும் அதைக் காக்காது. முதல் நாள் முதல் காட்சியில் ஒருவர் மடியில் வைத்திருக்கும் செல்போன் அதை எடுத்துவிடும். ஆகவே அந்த இடத்தில் பூட்டைத் தேடாமல், எந்த இடத்தில் எந்த வேளையில் ஓடிய படம் என்பதைக் கண்ணுக்குப் புலப்படாத அடையாளமாகப் படத்திலும் ஒலியிலும் பொதிய வேண்டும் என்று விதித்தார்கள். பிரதி வெளியானால் அது எங்கிருந்து போயிற்று என்று தேடிப் பிடிக்க அது உதவும். அதற்கப்பால் சட்டம்: 2023-இல் திருத்தப்பட்ட நம் நாட்டு சினிமாட்டோகிராஃப் சட்டம், தியேட்டரில் படம் பிடிப்பவருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதமும் விதிக்கிறது. அந்நியர்களுக்குச் சங்கேதம், அழைத்து உட்காரவைத்தவர்களுக்கு அடையாளமும் சட்டமும் என்று அவர்கள் இரண்டையும் பிரித்துக்கொண்டார்கள். காட்டும் இயந்திரமே தங்கள் ஆணைக்குள் இருந்தபோதும் அதற்கு மேல் அவர்கள் துணியவில்லை. வாங்கிப் போகிறவருடைய சொந்த மடிக்கணினியில் ஓடப்போகிற டிஸ்கை வைத்துக்கொண்டு, அவர்களால் முடியாததை நாம் முடித்துவிடுவோம் என்று நம்புவது எப்படிப் பொருந்தும்?

எதிர்த்தரப்பினர் இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள், அது லேசானதன்று. கைதேர்ந்தவன் உடைப்பான் என்பதை ஒத்துக்கொள்கிறோம், ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சாமானியர்கள், அவர்களைத் தடுத்தால் போதாதா, வீட்டுக் கதவின் பூட்டையும் உடைக்கலாம் என்பதற்காகப் பூட்டாமலா இருக்கிறோம் என்று கேட்பார்கள். வீட்டுப் பூட்டை ஒருவன் உடைத்தால் அந்த ஒரு வீடுதான் திறந்தது. அடுத்த வீட்டை அவன் மறுபடி உழைத்துத்தான் திறக்கவேண்டும். கோப்பு விஷயம் அப்படியில்லை. ஓர் ஆசிரியரின் பாடங்களை வாங்கிய மாணவர்களுள் ஒரே ஒருவர், அல்லது அவருடைய அண்ணன் ஒருவர், பூட்டைக் கழற்றிப் பாடத்தை டெலிகிராம் குழு ஒன்றில் போட்டுவிட்டால், மற்ற சாமானியர்களுக்கு உடைக்கத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது பூட்டில்லாத பிரதி. பூட்டோடு மல்லாடுகிறவர்கள், ஆசிரியருக்கு முறையாகப் பணம் கட்டிய மாணவர்கள் மட்டுமே. குறிப்பிட்ட ஒரு செயலி இல்லாமல் திறக்காது, அந்தச் செயலி பழைய போனில் ஓடாது, போன் மாறினால் மறுபடி அனுமதி கேட்க வேண்டும், செயலியை நடத்திய கம்பெனி கடையை மூடினால் பணம் கொடுத்து வாங்கிய பாடம் அத்தோடு போயிற்று என்ற அவஸ்தை முழுவதும் அவர்களுக்கே.

பிரதித் தடையால் உடையவருக்கே நேர்கிற ஆபத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஹார்டு டிஸ்க் நிலையான வஸ்து அன்று. மேஜையிலிருந்து ஒரு முறை கீழே விழுந்தால் உள்ளே சுழல்கிற தகட்டை ஊசி கீறிவிடும். எஸ்எஸ்டி விழுந்தால் தாங்கும், ஆனால் அதுவும் முன்னறிவிப்பின்றி மௌனமாகிவிடுவதுண்டு. கோப்பு பிழைத்திருப்பதற்கு உள்ள ஒரே மார்க்கம், அதன் பிரதி வேறு இடத்தில் இருப்பதே. ஏடு பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் செல்லரித்துப் போன தேசத்தில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டாருக்குக் கொடுத்த டிஸ்க் பிரதி எடுக்க முடியாதபடி மெய்யாகவே அமைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது பழுதான நாளில் அந்தக் குடும்பத்தின் நினைவுகள் யாவும் அழியும். அப்படி ஒரு பொருளைக் கொடுப்பதற்கா அவர்களிடம் பணம் வாங்கினோம்?

மெய்யான காவல் எது என்பதற்கு இப்போது வருகிறேன். டிஸ்க் தொலைந்தாலும் திருடுபோனாலும் அந்நியர் எவரும் அதைப் படிக்க முடியாமல் செய்வது முடியும்; அதற்கு வழி சங்கேதமாக்குதல், அதாவது என்க்ரிப்ஷன். இதற்கும் கடவுச்சொல் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய அரசாங்கங்களே உணராமல் அவமானப்பட்டிருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையைச் சேர்ந்த ஊழியர் ஒருவருடைய மேரிலாந்து வீட்டில் திருட்டு நடந்து, ஒரு மடிக்கணினியும் அதனோடு இருந்த வெளி ஹார்டு டிஸ்கும் போயின. ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம் பேருடைய பெயர், பிறந்த தேதி, சமூகக் காப்பு எண் ஆகியவை அவற்றில் சங்கேதமின்றி இருந்தன. அடுத்த மாதமே இரண்டும் திரும்பக் கிடைத்தும், வழக்கு எழுந்து, 2 கோடி டாலர் கொடுத்துத்தான் அரசு அதைத் தீர்த்துக்கொண்டது. மறு ஆண்டு பிரிட்டனின் வருவாய்த் துறை, குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேருடைய விவரங்களை இரண்டு தட்டுகளில் பதிந்து பதிவு செய்யப்படாத தபால் கட்டில் அனுப்பித் தொலைத்தது. அந்தத் தட்டுகளுக்குக் கடவுச்சொல் இருந்தது, சங்கேதம் இல்லை. கடவுச்சொல் வாசலில் நிற்கிறது, சுவரோ திறந்து கிடக்கிறது என்பதை அத்துறையின் தலைவர் பதவி விலகிய பிறகுதான் அந்த நாடு பேசத் தொடங்கிற்று.

இவற்றோடு 2022-ஆம் ஆண்டு ஜூனில் ஜப்பானில் நடந்ததை ஒப்பிடலாம். அமகாசாகி நகரவாசிகள் அனைவருடைய, சுமார் 4,60,000 பேருடைய விவரங்களையும் யுஎஸ்பி நினைவகத்தில் வைத்திருந்த ஒப்பந்த ஊழியர், இரவில் குடித்துவிட்டுத் தெருவில் உறங்கிப் பையைத் தொலைத்துவிட்டார். அவர் செய்தது மன்னிக்கத் தகாத அலட்சியம். நகரமும் தலை குனிந்தது. ஆயினும் அந்த நினைவகம் சங்கேதமாக்கப்பட்டிருந்தது. பை திரும்பக் கிடைத்தது. விவரம் வெளியானதற்கு எந்த அறிகுறியும் காணப்படவில்லை. மனிதர் தவறிய இடத்தில் கணிதம் தாங்கி நின்றது.

இந்தக் கணிதத்துக்கு நாம் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2001-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ், ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியர்கள் இயற்றியது. அதன் அமைப்பு முழுவதும் அச்சில் இருக்கிறது, உலகமெல்லாம் அதை ஆராய்ந்திருக்கிறது, கெர்க்கோஃப்ஸ் விதித்தபடி சாவி ஒன்றே ரகசியம். விண்டோஸ் 7 வந்த நாள் முதலாகக் கையடக்க டிஸ்குகளுக்கென்றே பிட்லாக்கர் டு கோ என்னும் ஏற்பாடு உண்டு. விண்டோஸின் ஹோம் பதிப்பில் அப்படிப் பூட்டிய டிஸ்கைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட இயலாது. ஹோம் பதிப்பு வைத்திருக்கிறவர்களுக்கு வெராகிரிப்ட் இருக்கிறது; இலவசம், நிரலையும் யாரும் படித்துப் பார்க்கலாம். கொடுக்கிற கடவுச்சொல்லை அது பல லட்சம் சுற்று அரைத்தே சாவியாக்குவதால், ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கிறவருடைய வேகம் அடங்கிவிடும். ஆனாலும் பிறந்த தேதியையும் குழந்தையின் பெயரையும் கடவுச்சொல்லாக வைத்தால் எத்தனை சுற்று அரைத்தும் பயனில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பது நினைவிலும் நிற்கும், உடைபடவும் செய்யாது.

சங்கேதத்தையும் பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகத்தை மட்டும் நம்பி வாங்கலாகாது. கிங்ஸ்டன், ஸான்டிஸ்க், வெர்பேட்டிம் ஆகிய கம்பெனிகள் 256 பிட் ஏஇஎஸ் என்று விளம்பரித்து, அரசாங்க நற்சான்றும் பெற்று விற்ற சில பென்டிரைவ்களை, 2010-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எஸ்ஒய்எஸ்எஸ் என்ற ஜெர்மானியக் கம்பெனி திறந்து காட்டியது. சங்கேதத்தில் குற்றமில்லை. ஆனால் கடவுச்சொல் சரிதானா என்று கணினியில் ஓடும் நிரல் பார்த்துவிட்டு, சரியென்றால் பென்டிரைவுக்கு ஒரு செய்தியை அனுப்பிற்று. யாருடைய கடவுச்சொல்லாயினும் அந்தச் செய்தி ஒன்றே. அந்தச் செய்தியை நேரே அனுப்பினால் கடவுச்சொல்லே வேண்டியிருக்கவில்லை.

சங்கேதத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல் கொடுத்துத் திறந்த பிறகு, அந்தக் கணினிக்கு டிஸ்க் முழுவதும் திறந்ததே. அந்தக் கணினியில் களவாடும் நிரல் ஏதேனும் குடியிருந்தால் அதற்கும் திறந்ததே. ஜெராக்ஸ் கடையின் கணினியிலும் பிரௌஸிங் சென்டரிலும் முழு டிஸ்கைச் செருகித் திறப்பதைவிட, அச்சிட வேண்டிய ஒரு கோப்பை மட்டும் தனிப் பென்டிரைவில் கொண்டுபோவது விவேகம். கடவுச்சொல் மறந்தால் உடையவருக்கும் வழியில்லை. பிட்லாக்கர் தருகிற 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இருக்கும் பையில் வைக்காமல், நம்பகமான வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். டிஸ்கின் சங்கேதமான இரண்டாம் பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

இனி, நாமே அழைத்துக் காட்டுகிறவர்களைப் பற்றிய விஷயம் மிச்சமிருக்கிறது. வாடிக்கைக்காரரும் மாணவரும் அந்நியர் அல்லர். சாவியை அவர்களிடம் நாமே கொடுக்கிறோம். அங்கே செய்யக்கூடியவை, கொடுப்பதன் அளவிலும் உடன்பாட்டிலும் அடங்கியவை. பணம் முழுவதும் வருமுன் படங்களைத் தேர்வு செய்யக் கொடுக்கிற ஸ்டுடியோக்காரர், ஆல்பத்துக்கு உதவாத சிறு அளவில், மேலே தம் கடையின் பெயர் படர்ந்த பிரதிகளைக் கொடுக்கலாம். பெரிய மூலங்கள் கணக்குத் தீரும் வரை அவரிடமே இருக்கட்டும். ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் பெயரையும் போன் எண்ணையும் பாடத்தின் திரையில் இடம் மாறி மாறித் தெரியும்படி பதிந்து கொடுத்தால், அதை ஊருக்கு அனுப்ப முற்படுகிறவர் தம் பெயரையே அனுப்புகிறார். ஆடிட்டர், மூன்றாமவர் ஒருவர் பார்க்க மட்டுமே வேண்டிய கணக்கை, தம் கணினியில் தம் முன்னிலையில் காட்டலாம். டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் பிரதி எடுக்காதே என்று சொல்ல வேண்டிய நிலையே வராது.

எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருப்பது அவசியம். ஏனென்றால் அதன் பின்னால் சட்டம் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவைப் பிரதி எடுப்பதைச் சட்டமீறலாகக் கொண்டு நஷ்டஈடு பெற வகை செய்கிறது. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சேமிப்புச் சாதனத்தில் இருப்பதையும் அது வெளிப்படையாகவே சேர்த்துச் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரதித் தடைப் பூட்டுகளுக்கே ஆதரவாகப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. பூட்டை உடைப்பவருக்குத் தண்டனை தரும் சட்டம் ஒன்று தேவைப்பட்டது என்பதே, பூட்டு தன் பலத்தில் தான் நிற்கவில்லை என்பதைச் சட்டமியற்றியவர்கள் அறிந்திருந்ததற்குச் சான்று.

இத்தனையும் கேட்ட பின்னும், ஏதாவது ஒன்றை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று கடைக்குப் போகிறவர்கள், விற்கிறவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில், வேறு இயங்குதளத்தில், உங்கள் மென்பொருள் ஓடாத இடத்தில் செருகினால் என்ன தெரியும்? கடவுச்சொல்லை நானே மறந்துவிட்டால் உங்களால் எனக்குத் திறந்து கொடுக்க முடியுமா? முதல் கேள்விக்கு, பொருளற்ற எழுத்துகளைத் தவிர ஒன்றும் தெரியாது என்றும், இரண்டாவதற்கு, எங்களாலும் முடியாது என்றும் பதில் வந்தால் அந்தச் சரக்கை மேற்கொண்டு விசாரிக்கலாம். பரவாயில்லை சார், போன் பண்ணுங்கள், ஒரு நிமிஷத்தில் திறந்து தந்துவிடுகிறோம் என்று சொன்னால், அவர் திறக்கிற அதே வழியில் வேறு யாரும் திறக்கலாம். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.